குடி குடியைக் கெடுப்பது எவ்வாறு?



மார்க்கத்தைக் கற்றுக்கொள்வதில் வெட்கம் குறுக்கே நிற்கக் கூடாது. அன்ஸாரிப் பெண்கள் மார்க்க விளக்கம் கேட்பதற்கு வெட்கப்பட்டுப் பின்வாங்கியதில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அவர்களைப் பாராட்டிய செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியிருக்கிறது. அந்தத் துணிவோடுதான் இம்மாதம் ஒரு விஷயத்தை எழுத முற்படுகிறோம். வீட்டில் பெரியவர்கள் படித்த பின், மணமான பிள்ளைகள் கையிலும் இதனைக் கொடுங்கள்.

நம் ஊர்களில் அடிக்கடி காணும் காட்சி இது. நிக்காஹ் முடிந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். வீட்டில் தொட்டில் ஆடவில்லை. மருமகளை ஒவ்வொரு மருத்துவரிடமாக அழைத்துச் செல்வார்கள். இரத்தம் எடுப்பார்கள், படம் பிடிப்பார்கள், கசாயம் கொடுப்பார்கள், தாயத்தும் கட்டுவார்கள். விருந்து வீடுகளில் அவள் காதுபடவே 'மலடி' என்ற சொல் விழும். மகனுக்கு வேறிடத்தில் பெண் பார்க்கலாமா என்ற பேச்சும் எழும். இத்தனைக்கும் நடுவில் அந்த மகனை ஒருவரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. அவன் இரவில் நேரம் கழித்து வருவதும், வாயில் ஏலக்காயை மென்றுகொண்டு வருவதும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்கும் காலியாகக் கிடக்கும் தொட்டிலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது மட்டும் எவருக்கும் தோன்றுவதில்லை.

'குடி குடியைக் கெடுக்கும்' என்பது பழமொழி. காசு போகும், சண்டை வரும், குடும்பம் சிதறும் என்ற அளவில்தான் அதற்கு நாம் பொருள் கொள்கிறோம். 'குடி' என்ற சொல்லுக்கு வம்சம் என்ற பொருளும் உண்டு. மது அந்தக் குடியையும், அதாவது இனி பிறக்கவேண்டிய தலைமுறையையும், கெடுக்க வல்லது. எப்படிக் கெடுக்கிறது என்பதே இக்கட்டுரையின் பாடம்.

காக்கப்பட வேண்டிய ஐந்து

ஷரீஅத் சட்டங்கள் மனிதனுக்கு இன்றியமையாத ஐந்தைக் காப்பதற்காக வந்தவை என்று ஹிஜ்ரி 505ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்கினார்கள். மார்க்கம், உயிர், அறிவு, வம்சம், பொருள் என்பன அந்த ஐந்து. மதுவை விலக்கியதற்குக் காரணம் கூறும்போது, அது அறிவைக் காப்பதற்காக என்று உலமாக்கள் எடுத்துச் சொல்வது வழக்கம். போதை அறிவை மறைக்கிறது, தொழுகையையும் திக்ரையும் தடுக்கிறது, பகையை மூட்டுகிறது. சூரத்துல் மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் இதைத் தெளிவாகக் கூறுகின்றன.

அறிவுக்கு அடுத்தபடியாக எண்ணப்படும் வம்சத்தையும் மது தாக்குகிறது என்பதைக் கடந்த ஐம்பது ஆண்டுகளின் மருத்துவ ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஆக, ஐந்து காப்புகளில் ஒன்றுக்காக வந்தது என்று நாம் எண்ணியிருந்த விலக்கல், மற்றொன்றுக்கும் வேலியாக நிற்கிறது.

ஆண்மையின் ஏற்பாடு

முதலில், அல்லாஹ் நம் உடலில் அமைத்திருக்கும் ஏற்பாட்டைத் தெரிந்துகொள்வோம்.

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதாலமஸ் என்றொரு பகுதி உண்டு. அதற்குக் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி இருக்கிறது. ஹைபோதாலமஸ் குறிப்புக் கொடுத்ததும் பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. ஒன்றுக்கு எல்.எச். என்றும், மற்றொன்றுக்கு எஃப்.எஸ்.எச். என்றும் பெயர். எல்.எச். விரைகளை அடைந்து, அங்குள்ள லேடிக் உயிரணுக்களை டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மை ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. தாடியும் மீசையும் வளர்வதும், குரல் தடிப்பதும், தசை உறுதியாவதும், இச்சை எழுவதும் இந்த டெஸ்டோஸ்டிரோனால்தான். எஃப்.எஸ்.எச்.சும் டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்து, விரைக்குள் சுருண்டு கிடக்கும் நுண்ணிய குழாய்களில் விந்தணுக்களை உருவாக்குகின்றன. நாளொன்றுக்குப் பல கோடி அணுக்கள் இவ்வாறு உருவாகின்றன.

ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. பிறகு அது முதிர்ந்து வெளிவர இன்னும் இரண்டொரு வாரம் ஆகும். ஆகவே இன்று வெளிப்படும் இந்திரியம் ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு முன் தொடங்கிய வேலையின் பலனாகும். இந்த மூன்று மாதக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பாய் வியாபாரியையும் தறிக்காரரையும் எண்ணிப் பாருங்கள். சரக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் வியாபாரி அளவோடு ஆர்டர் எழுதுவார். சரக்கு குறைந்தால் கடிதத்துக்கு மேல் கடிதம் போடுவார். பிட்யூட்டரியும் அப்படியே. விரையிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் அது எல்.எச்.சையும் எஃப்.எஸ்.எச்.சையும் கூட்டி அனுப்பும். இரத்தச் சோதனையில் இந்த இரண்டும் உயர்ந்து, டெஸ்டோஸ்டிரோன் தாழ்ந்திருந்தால், பழுது தறியிலேயே, அதாவது விரையிலேயே, இருக்கிறது என்று மருத்துவர் புரிந்துகொள்வார்.

மது புகுந்தால்

பீர், பிராந்தி, விஸ்கி, கள், சாராயம் எதுவாயினும் போதை தருவது ஆல்கஹால் ஒன்றே. அது இந்த ஏற்பாட்டை நான்கு இடங்களில் தாக்குகிறது.

முதலாவது, மூளை. ஆல்கஹால் ஹைபோதாலமஸையும் பிட்யூட்டரியையும் மந்தப்படுத்துகிறது. உத்தரவு போகவேண்டிய நேரத்தில் போவதில்லை.

இரண்டாவது, விரை. ஆல்கஹால் லேடிக் உயிரணுக்களுக்கு நேரடி நஞ்சு. அது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற பொருளும் அவ்வாறே தீங்கு செய்கிறது. டெஸ்டோஸ்டிரோனை உண்டாக்கும் இரசாயன வேலை இதனால் தடைப்படுகிறது.

மூன்றாவது, வைட்டமின் ஏ. விந்தணு உருவாக விரைக்கு வைட்டமின் ஏ தேவை. அதைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றும் என்சைமையே ஆல்கஹாலும் பிடித்துக்கொள்கிறது. விரையில் இவ்வாறு நேர்வதை வான் தீல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரது குழுவினரும் 1974ல் வெளியிட்டனர். குடிகாரர்களின் மலட்டுத்தன்மைக்கு இது ஒரு காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர்.

நான்காவது, ஈரல். ஆணின் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோன் சிறிதளவு உண்டு. நீண்ட நாள் குடியால் ஈரல் சுருங்கி நோயுறும்போது ஹார்மோன்களின் சமநிலை குலைந்து, ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்குகிறது. ஆணுக்கு மார்பு பெருக்கிறது, உடலின் ரோமம் உதிர்கிறது, விரை சிறுத்துப்போகிறது. 1920களிலேயே இத்தாலிய மருத்துவர்கள் இந்த மாற்றங்களைக் கண்டு எழுதினார்கள்.

ஈரல் கெட்ட பிறகுதான் இவையெல்லாம் வரும் என்று பல காலம் கருதப்பட்டு வந்தது. 1976ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. ஆரோக்கியமான ஆடவர்கள் சிலர் தாமாக முன்வந்து நான்கு வாரங்கள் வரை ஆல்கஹால் உட்கொண்டனர். அந்தக் குறுகிய காலத்திலேயே அவர்கள் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. ஈரல் நன்றாயிருக்கும்போதே ஆண்மை ஹார்மோன் தளரத் தொடங்குகிறது என்பது இதனால் தெரியவந்தது. குடித்தால் வீரியம் கூடும் என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டு ஏமாறும் வாலிபர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மது கூச்சத்தைப் போக்கலாம். ஆனால் ஆண்மையின் ஊற்றை அது அடைத்துவிடுகிறது.

கோவையில் கண்டது

இந்த ஆராய்ச்சியெல்லாம் பன்றியும் மதுவும் உண்ணும் மேலை நாட்டாருக்குத்தான், நமக்கென்ன என்று எவரும் கேட்கவேண்டாம். நம் கோயமுத்தூரிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மலட்டுத்தன்மை பற்றிய 'ஃபெர்ட்டிலிட்டி அண்ட் ஸ்டெரிலிட்டி' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் 2005ல் அந்த ஆய்வு வெளியாயிற்று.

மதுவுக்கு அடிமைப்பட்ட 66 ஆடவர்களையும் குடிப்பழக்கமில்லாத 30 பேரையும் அதில் ஒப்பிட்டார்கள். அந்த 66 பேரும் ஓராண்டுக்கு மேலாக, வாரத்தில் குறைந்தது ஐந்து நாட்கள், நாளுக்குக் குறைந்தது 180 மில்லி பிராந்தியோ விஸ்கியோ குடித்தவர்கள். 180 மில்லி என்றால் கடைகளில் 'குவார்ட்டர்' என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்தப் பாட்டில்தான்.

முடிவு என்ன? குடித்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தது. எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் உயர்ந்திருந்தன. ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனும் கூடியிருந்தது. இந்திரியத்தின் அளவு, விந்தணுக்களின் எண்ணிக்கை, அவை நீந்திச் செல்லும் வேகம், அவற்றின் சரியான உருவம் ஆகிய நான்கும் குறைந்திருந்தன. மேலே சொன்ன பாய் வியாபாரியின் உவமையைப் பொருத்திப் பாருங்கள். உத்தரவு மேலும் மேலும் போகிறது. தறியில் நெசவு நடக்கவில்லை.

எவ்வளவு குடித்தால்?

ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஒரே அமர்வில் 60 கிராமும் அதற்கு மேலும் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று வகைப்படுத்துகிறது. 'ஒரு குவார்ட்டர்தானே!' என்று சொல்லும் சகோதரர் இதை அறியவேண்டும்.

டென்மார்க்கில் 2008 முதல் 2012 வரை இராணுவத் தகுதிச் சோதனைக்கு வந்த 1,221 இளைஞர்களிடம் குடிப்பழக்கத்தை விசாரித்து, அவர்களின் இந்திரியத்தையும் சோதித்தார்கள். 12 கிராம் ஆல்கஹாலை ஓர் அளவாகக் கொள்வது அந்நாட்டு வழக்கம். வாரத்தில் 25 அளவுக்கு மேல் குடித்தவர்களிடம் கேடு தெளிவாகத் தெரிந்தது. வாரம் 40 அளவைத் தாண்டியவர்களுக்கு, ஐந்துக்குள் நின்றவர்களைவிட விந்தணுவின் செறிவு மூன்றில் ஒரு பங்கு குறைவாயிருந்தது. 25 அளவு என்பது வாரத்துக்கு ஐந்து குவார்ட்டர். கோவை ஆய்வில் வைத்த கணக்கும் அதுவே.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். எப்போதாவது சிறிதளவு குடிப்பவரிடம் இந்தக் கேட்டை எல்லா ஆய்வுகளும் தெளிவாகக் காணவில்லை. அப்படியானால் சிறிதளவு குடிக்கலாமா? கூடாது. அதிகம் அருந்தினால் போதை தருவது எதுவோ, அதில் சிறிதளவும் ஹராம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அபூதாவூத், திர்மிதீ நூல்களில் காண்கிறோம். மதுவில் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதையும், அதன் பாவம் அந்தப் பயனைவிடப் பெரியது என்பதையும் சூரத்துல் பகராவின் 219ஆம் வசனம் சேர்த்தே கூறுகிறது. நம் விலக்கல் அல்லாஹ்வின் கட்டளையில் நிற்கிறது. நாளைக்கு ஒரு டாக்டர் வேறு கணக்குச் சொன்னாலும் அது அசையாது. மருத்துவர் சொல்வது, அந்தக் கட்டளையில் உள்ள ரஹ்மத்தை நம் கண்ணுக்குக் காட்டும் ஒரு விளக்கு. அவ்வளவே.

'தினமும் குடிக்கிறவனுக்கும் ஆறு பிள்ளை இருக்கிறதே!' என்று சிலர் கேட்பார்கள். இருக்கலாம். மிகைக்குடி பிள்ளைப்பேற்றுக்கான வாய்ப்பைக் குறைக்கிறது. குடித்த ஒவ்வொருவரையும் அது மலடாக்குவதில்லை. மழையில் நனைந்த எல்லாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. அதற்காக யாரும் வேண்டுமென்றே நனைவதுமில்லை.

திரும்பி வர வழி உண்டா?

உண்டு. இந்தக் கட்டுரையை எழுதியதே இதைச் சொல்வதற்காகத்தான்.

2010ல் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் ஒரு நோயாளியின் வரலாற்றை வெளியிட்டார்கள். நீண்டகாலக் கடுங்குடியால் அவருடைய விந்தணுக்கள் முதலில் உருவம் கெட்டன. பிறகு எண்ணிக்கை குறைந்தது. கடைசியில் சோதனையில் ஓர் அணுவும் தென்படவில்லை. விரையிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பார்த்ததில், அணுக்கள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுபோயிருந்தன. அவர் குடியை விட்டார். மூன்றே மாதங்களில் எல்லாம் இயல்பு நிலைக்கு வந்தன. விந்தணு உருவாக மூன்று மாதம் என்று முன்னே சொன்னோமல்லவா? மதுவை நிறுத்திய நாளில் தொடங்கிய புதிய பயிர் அது.

எல்லாருக்கும் இவ்வளவு விரைவில் குணமாகும் என்று உறுதி சொல்ல இயலாது. ஈரல் சுருங்கி, விரையும் சிறுத்துவிட்ட பிறகு மீள்வது கடினம். ஆகவே தவ்பாவை நாளைக்கென்று தள்ளிப்போடக் கூடாது. மது விலக்கப்பட்ட செய்தி மதீனாவில் முழங்கியபோது, அபூதல்ஹா (ரலி) அவர்கள் வீட்டில் நண்பர்களுக்கு மது ஊற்றிக்கொண்டிருந்தவர் இளைஞரான அனஸ் (ரலி). அறிவிப்பைக் கேட்டதும், இருப்பதை வெளியே கொட்டிவிடும்படி அபூதல்ஹா (ரலி) சொன்னார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. கையிலிருக்கும் குவளையைக் காலி செய்துவிட்டு நிறுத்துவோம் என்று அவர்கள் சொல்லவில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகள் நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை உண்டாகலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். எனவே அப்படிப்பட்டவர் நிறுத்த உறுதிகொண்ட அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். இதற்கென மருத்துவமும் மருந்தும் இருக்கின்றன. எந்த நோயையும் அதற்குரிய நிவாரணமின்றி அல்லாஹ் இறக்கியதில்லை என்பது புகாரீயில் வரும் நபிமொழியின் கருத்து.

இன்னொன்று. ஆண்மை குறைந்ததென்று எண்ணித் தாமாகவே டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி இன்னும் விழும். பிள்ளை வேண்டுமென்று செய்தது பிள்ளைக்கே தடையாக முடியும்.

குடும்பத்தார் கடமை

ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லையென்றால் கணவன் மனைவி இருவரும் ஒருங்கே சோதித்துக்கொள்ள வேண்டும். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. பெண்ணுக்குச் செய்யும் சோதனைகளோடு ஒப்பிட்டால் ஆணுக்குரிய முதல் சோதனை மிக எளிது. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்துவிட்டு இந்திரியத்தைக் கொடுத்தால் போதும். ஒரு மில்லியில் 1 கோடியே 60 இலட்சம் விந்தணுக்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021ல் குறித்த கீழெல்லை. அதற்குக் குறைந்தால் பிள்ளையே பிறக்காது என்று பொருளில்லை. மறுமுறையும் சோதித்து மருத்துவரின் ஆலோசனையைப் பெறவேண்டும்.

சோதனைக்கு இந்திரியம் எடுப்பது கூடுமா என்ற தயக்கம் தீன்தாரிகளுக்கு எழுகிறது. சிகிச்சைத் தேவைக்காகக் கணவன் மனைவியருக்குள்ளாகவே அதனைப் பெற்றுக்கொள்ளலாம் என்பது மார்க்க அறிஞர் பலரின் விளக்கம். ஐயமுள்ளவர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியட்டும். மருத்துவர் குடிப்பழக்கத்தை விசாரித்தால் உண்மையைச் சொல்லவேண்டும். செய்த பாவத்தைப் பெருமையாகப் பறைசாற்றுவதைத்தான் மார்க்கம் கண்டிக்கிறது. குணம் வேண்டி மருத்துவரிடம் ஒப்புக்கொள்வது அதில் சேராது.

தன்னைச் சோதித்துக்கொள்ளாமல் மனைவியை மலடி என்பதும், அதைக் காரணம் காட்டி அவளைத் தள்ளிவைப்பதும் ழுல்மு. அந்தப் பெண்ணின் கண்ணீருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை.

அதேபோல, பிள்ளையில்லாத ஆடவரையெல்லாம் குடிகாரரென்று சந்தேகிப்பதும் பாவம். மதுவை மோந்தும் பாராத எத்தனையோ ஸாலிஹான மனிதர்களுக்குக் குழந்தை இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஸகரிய்யா (அலை) அவர்கள் தலை நரைக்கும்வரை பிள்ளைக்காகக் கையேந்தினார்கள். பெண் மக்களையோ ஆண் மக்களையோ இரண்டையுமோ கொடுப்பதும், சிலரைக் குழந்தையற்றவராக ஆக்குவதும் அல்லாஹ்வின் நாட்டம் என்று சூரத்துஷ் ஷூராவின் 49, 50ஆம் வசனங்கள் உணர்த்துகின்றன. அந்த நாட்டத்தைப் பொருந்திக்கொள்ள வேண்டும். நம் கையால் நாமே வித்தை எரித்துவிட்டு, விதியின்மேல் பழிபோடக் கூடாது.

குடியில் விழுந்தவரையும் வெறுத்து ஒதுக்காதீர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் குடித்ததற்காகத் தண்டனை பெற்ற ஒருவரை, அது பலமுறை நடந்துவிட்டதே என்று மற்றொருவர் சபித்தார். சபிக்க வேண்டாமென நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சொன்னார்கள். இதை உமர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரீ பதிவு செய்திருக்கிறது. தாய் தந்தையரும் மனைவியும் இந்த வழியைக் கைக்கொள்ளட்டும். குற்றத்தை மூடி மறைக்கவும் வேண்டாம். குற்றவாளியைத் தெருவுக்கு இழுக்கவும் வேண்டாம். கையைப் பிடித்து மருத்துவரிடமும் பள்ளிவாசலுக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. மது சிறிதாயினும் பெரிதாயினும் ஹராம்.

2. நாள்தோறும் ஒரு குவார்ட்டர் என்பது ஆண்மை ஹார்மோனையும் விந்தணுவையும் கெடுக்கும் அளவு.

3. விட்டவருக்கு மூன்று மாதத்தில் மாற்றம் தெரியக்கூடும். கடுங்குடியர் மருத்துவர் துணையோடு விடவேண்டும்.

4. குழந்தையில்லையென்றால் இருவரும் ஒருங்கே சோதித்துக்கொள்ள வேண்டும்.

5. உண்மை தெரியாமல் எந்தப் பெண்ணையும் பழிக்கக் கூடாது.

யா அல்லாஹ்! எங்கள் வாலிபர்களை மதுவிலிருந்து காப்பாற்றுவாயாக! அதில் விழுந்தவர்களுக்கு தவ்பாவின் வாசலைத் திறந்துவிடுவாயாக! பிள்ளைக்காக ஏங்கும் வீடுகளுக்கு ஸாலிஹான சந்ததியைத் தந்தருள்வாயாக! ஆமீன்.